ஓடும் பொறியிடம் பாடம் கேட்டவர்

ஒன்றை ஆள வேண்டுமாயின் அதனை அறிதல் வேண்டும். இதனை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், எவ்வளவு அறிதல் வேண்டும் என்று கேட்டால் விடை அத்துணை எளிதன்று. வண்டி ஓட்டுகின்றவன் மாட்டின் உடற்கூற்றைப் படித்தவனல்லன். எலும்பு எத்தனை, நரம்பு எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தும்பை இவ்வளவு இழுத்தால் இடமாட்டின் கழுத்து இவ்வளவு திரும்பும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அறிவை அவன் எங்குப் பெற்றான்? ஓடும் வண்டியிலிருந்தே பெற்றான். தான் செய்ததையும் அதற்கு மாடு செய்ததையும் பல நாள் சேர்த்துப் பார்த்துப் பெற்றான்.

இந்த எளிய உண்மையைக் கணிதத்தின் துணையோடு ஒரு விஞ்ஞானமாக வளர்த்தவர் சிலர். அவர்களுள் தலைசிறந்த ஒருவர், சுவீடன் நாட்டுப் பேராசிரியர் கார்ல் யூகான் ஓஸ்ட்ரோம். கட்டுப்பாட்டுப் பொறியியல் என்னும் துறையில் அவர் ஆற்றிய பணியின் வரலாற்றை இங்கே காண்போம். ஒரு மனிதரின் வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் அதனைக் கேட்டு அமையாமல், 'தெரியாத ஒன்றை எவ்வாறு அறிவது, அறிந்தது போதும் என்று எப்போது துணிவது?' என்னும் வினாவின் வரலாறாகவும் அதனைக் கருதுதல் வேண்டும்.

முதலில் துறையைப் பற்றிச் சில சொற்கள். நீராவி இயந்திரம் மிகை வேகம் கொள்ளாமல் காப்பதற்காக ஜேம்ஸ் வாட் 1788-ஆம் ஆண்டில் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட ஒரு கருவியைப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விரிந்து உயரும், உயர்ந்ததும் நீராவி வரும் வழி குறுகும், வேகம் தணியும். விளைவை அளந்து, அந்த அளவைக் கொண்டே காரணத்தைத் திருத்துகின்ற இந்த முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். இத்தகைய கருவிகள் சில வேளைகளில் அமைதி தராமல் தாமே ஊசலாடத் தொடங்குவது ஏன் என்பதை மாக்ஸ்வெல் 1868-இல் கணிதத்தால் ஆராய்ந்தார். தொலைபேசிக் கம்பிகளில் குரலைப் பெருக்கும் கருவிகளுக்கு இதே கணிதம் வேண்டியிருந்தபோது, 1932-இல் நைக்விஸ்ட் அதனை மேலும் செம்மை செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இது தனித் துறையாயிற்று. கல்லூரிகளில் பாடமும் ஆயிற்று.

ஆயினும் அந்தப் பாடநூல்களில் ஒரு குறை இருந்தது. எந்தக் கணக்கும், 'ஓர் அமைப்பின் சமன்பாடு இது என்க' என்றே தொடங்கும். சமன்பாடு கையில் இருந்தால் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டுவிடலாம். ஆனால் ஓர் ஆலைக்குள் நுழைந்து, 'உங்கள் கொதிகலனின் சமன்பாடு யாது?' என்று கேட்டால் விடை சொல்வார் யார்? பொறியியல் அறிந்த மாணவர் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் நின்றனர். அளவீடுகளிலிருந்து அமைப்பின் சமன்பாட்டைக் கண்டறியும் இவ்வேலைக்கு, அமைப்பை இனங்காணல் என்னும் பொருள்படும் பெயரை 1956-இல் லோத்ஃபி சாதே என்னும் அறிஞர் வழங்கினார். பெயர் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை.

ஓஸ்ட்ரோம் 1934-ஆம் ஆண்டு சுவீடனின் ஓஸ்டர்சுண்ட் நகரில் பிறந்தவர். தலைநகராகிய ஸ்டாக்ஹோமிலுள்ள அரசத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் இயற்பியல் பயின்று 1957-இல் தேர்ந்தார். 1960-இல் அங்கேயே ஆய்வுப் பட்டமும் பெற்றார். அவர் முதலில் ஈடுபட்ட ஆராய்ச்சி, வெளிக் குறிகள் எவையும் இன்றி விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிந்துகொள்ளும் முறையைப் பற்றியது. விண்மீனையும் பாராமல், வானொலிக் குறியையும் கேளாமல், தன்னுள்ளே வைத்த சுழலிகளையும் முடுக்கமானிகளையும் மட்டும் கொண்டு வழியறியும் நுட்பம் அது. மிகக் கடினமான வேலைதான். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. அந்தக் கருவிகள் நியூட்டன் வகுத்த விதிகளுக்கு அடங்கியவை; சமன்பாட்டைத் தாளிலே எழுதிவிடலாம். இயற்கையே அதனை எழுதித் தந்திருந்தது.

1961-இல் அவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் வட ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்போது கணிப்பொறி என்பது ஓர் அறையை அடைத்து நிற்கும் பொருள். அதனைச் சம்பளப் பட்டியல் தயாரிக்கவும் கணக்கெழுதவும் பயன்படுத்தினர். ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையையே அதன் கையில் ஒப்படைக்கலாகுமா என்ற எண்ணம் அந்நாளில் முளைவிட்டது. பில்லரூட் என்னும் காகித நிறுவனம் குரூவன் என்ற ஊரிலுள்ள தன் ஆலையை இந்தச் சோதனைக்குத் தர முன்வந்தது. அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஓஸ்ட்ரோம் ஒருவர். விமானத்தின் கணிதத்தோடு வந்தவர் காகித ஆலையின் வாயிலில் நின்றார். இங்கே நியூட்டன் எழுதி வைத்த சமன்பாடு எதுவும் இல்லை.

காகித இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம். மரத்தின் நார் மிகுந்த நீரில் கரைந்து கூழாக வருகிறது. அது ஓடும் கம்பி வலையின் மீது பரவுகிறது, நீர் வடிகிறது, பின்னர்க் கனத்த உருளைகள் அதனைப் பிழிகின்றன, நீராவியால் சூடேறிய உருளைகள் உலர்த்துகின்றன, முடிவில் காகிதமாகச் சுருளில் ஏறுகிறது. தொடக்கத்தில் கூழ் வரும் வால்வைத் திருப்பினால், அதன் விளைவு இயந்திரத்தின் நெடுக ஓடி, சற்று நேரம் கழித்தே மறுமுனையில் தெரியும். இதற்கிடையே கூழின் கெட்டித்தன்மை மாறும். மரத்தின் தன்மை மாறும். நீராவியின் அழுத்தம் மாறும். மறுமுனையில் காகிதத்தின் ஈரமும் எடையும் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தால் என்ன கேடு என்று கேட்கலாம். காகிதத்தின் ஈரம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால், உயர்ந்த அலையும் எல்லையைத் தொடாதபடி சராசரியை எல்லைக்கு வெகு கீழே வைத்து ஓட்ட வேண்டும். அதாவது, வேண்டிய அளவுக்கு மேல் உலர்த்த வேண்டும். அதற்கு நீராவி செலவு, விறகு செலவு, நேரமும் செலவு. ஏற்ற இறக்கத்தைச் சிறிதாக்கிவிட்டால் சராசரியை எல்லையின் அருகில் கொண்டுசெல்லலாம். நாள்தோறும் மலையாகக் குவியும் காகிதத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சம் என்பதுகூடப் பெருந்தொகை. ஆகவே, 'அலைவின் அளவை இயன்றவரை குறைப்பது எப்படி?' என்று ஓஸ்ட்ரோம் தம் வினாவைச் சுருக்கிக் கொண்டார். நல்ல வினா பாதி விடை என்பதற்கு இது சான்று.

விடைக்கு முதற்படி அந்த இயந்திரத்தின் இயல்பை அறிவது. அதை நிறுத்திப் பிரித்துப் பார்ப்பதற்கில்லை, நின்றால் நட்டம். எனவே ஓடும்போதே அதனிடம் கேட்க வேண்டும். வால்வைச் சிறிதளவு இப்படியும் அப்படியும், ஒழுங்கு தோன்றாத வரிசையில் மாற்றுவது. ஒவ்வொரு மாற்றத்தையும், அதற்குப்பின் காகிதத்தில் தோன்றும் அளவையும் குறித்துக்கொள்வது. இந்த இரு பட்டியல்களையும் கணிப்பொறியிடம் கொடுத்து உறவைக் காண்பது. இதுவே முறை. மருத்துவன் மார்பில் விரலால் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு உள்ளிருப்பதை உணர்வதைப் போன்றது இது. தட்டல் மிக மெல்லியதாக இருந்தால் ஒன்றும் கேளாது. மிக வலியதாக இருந்தால் நோயாளிக்குத் துன்பம்.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு பாத்திரத்து நீர் அறையின் வெப்பத்தைவிட 10 பாகை கூடுதலாக இருக்கிறது என்க. அடுப்பு எரியவில்லை. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் 8 பாகை கூடுதல். எனவே ஒவ்வொரு நிமிடமும் முன்பிருந்ததில் 0.8 பங்கு எஞ்சுகிறது என்று கொள்ளலாம். பிறகு அடுப்பை ஓர் அலகு எரிய விடுகிறோம். 8 ஆக இருந்தது 6.4 ஆவதற்கு மாறாக 7.4 ஆக நிற்கிறது. ஆகவே ஓர் அலகு நெருப்பு 1 பாகையைச் சேர்க்கிறது. 0.8, 1 என்ற இரண்டு எண்கள் கிடைத்தன. அந்தப் பாத்திரத்தின் கணித மாதிரி கிடைத்துவிட்டது. இனி எவ்வளவு நெருப்பு வைத்தால் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே சொல்லலாம். பாத்திரம் செம்பா, பித்தளையா என்று அறிய வேண்டியதில்லை.

ஆனால் உலகம் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. காற்று வீசும், யாரோ கதவைத் திறப்பார், வெப்பமானியும் சற்றுப் பிழையாகக் காட்டும். ஒரு முறை 0.8 வரும், மறுமுறை 0.76 வரும்; இன்னொரு முறை 0.83. எதை நம்புவது? இந்த வினாவிற்குக் கணித மேதை காஸ் அளித்த விடை பழமையானது. 1801-இல் சீரிஸ் என்னும் சிறு கோள் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வாரங்களில் கதிரவன் ஒளியில் மறைந்துபோயிற்று. கிடைத்திருந்த சில அளவீடுகளைக் கொண்டே அது மீண்டும் தோன்றும் இடத்தைக் காஸ் கணித்துக் கூறினார். அளவுக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடுகளை வர்க்கித்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறியதாகும்படி எண்களைத் தேர்வது அவர் வழங்கிய முறை. 1809-இல் வெளியிட்ட தம் நூலில் அதனை அவர் விளக்கினார். இன்று அதனை மீச்சிறு வர்க்க முறை என்கிறோம்.

காகித ஆலையில் இந்த முறையும் தடுமாறியது. காரணம் நுட்பமானது. காஸ் கருதிய பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை; இன்றைய பிழைக்கும் நேற்றைய பிழைக்கும் உறவில்லை. ஆலையின் இடையூறுகளோ நினைவுடையவை. கூழ் இப்போது கெட்டியாக வந்தால் அடுத்த நிமிடமும் கெட்டியாகவே வரக்கூடும். இத்தகைய இடையூற்றைக் கவனியாமல் கணக்கிட்டால், இடையூறு செய்த வேலையை இயந்திரத்தின் இயல்பாகவே தவறாக எழுதிவிடுவோம். ஓஸ்ட்ரோமும் அவருடன் பணியாற்றிய தோர்ஸ்டன் பூலினும் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். இயந்திரத்திற்கு ஒரு மாதிரி எழுதுவது போலவே இடையூறுக்கும் ஒரு மாதிரி எழுதினர். இரண்டிலுமுள்ள எண்களை ஒருங்கே கண்டறிய முற்பட்டனர். கண்ணெதிரே உள்ள அளவுகள் தோன்றுவதற்கு எந்த எண்கள் மிகப் பொருத்தமானவையோ அவற்றையே தேர்வது அவர்கள் கொண்ட நெறி. 1965-இல் இங்கிலாந்தின் டெடிங்டன் நகரில் நடந்த மாநாட்டில் இந்த ஆய்வு படிக்கப்பட்டது. இனங்காணல் என்னும் கலை ஒரு விஞ்ஞானமாக நிலைபெற்ற ஆண்டு அது என்று பலரும் கருதுகின்றனர்.

இந்த முறையோடு ஒரு நல்லொழுக்கமும் பிறந்தது. மாதிரியைக் கண்டபின் அதனைக் கொண்டு ஒவ்வொரு அளவையும் முன்கணித்துப் பார்க்க வேண்டும். உண்மையான அளவுக்கும் அதற்கும் எஞ்சுகின்ற வேறுபாட்டை ஆராய வேண்டும். அந்த எச்சத்தில் எவ்வித ஒழுங்கும் காணப்படாவிட்டால், அளவீடுகள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன என்று கொள்ளலாம். எச்சத்தில் ஒழுங்கு தென்பட்டால், கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று பொருள். தன் அறியாமையைத் தானே சோதித்துக் கொள்ளும் இந்தப் பழக்கம் பொறியியலுக்கு மட்டும் உரியதன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மாதிரி கிடைத்தபின் கட்டுப்படுத்துவது எப்படி? இங்கும் ஓஸ்ட்ரோமின் விடை தெளிவானது. வால்வைத் திருப்பியபின் விளைவு தெரிய ஐந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின் இன்றிலிருந்து ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தின் ஈரம் எவ்வளவு பிறழ்ந்திருக்கும் என்று மாதிரியைக் கொண்டு முன்கணித்து, அந்தப் பிறழ்ச்சியைச் சரியாக நீக்கும் அளவுக்கு இப்போதே வால்வைத் திருப்ப வேண்டும். அதன்பின்னும் எஞ்சுவது, அந்த ஐந்து நிமிடத்துக்குள் புதிதாக வந்து சேர்ந்த இடையூறு மட்டுமே. அதனை எவராலும் நீக்க முடியாது. எது இயலும், எது இயலாது என்ற எல்லையை இந்தக் கணக்கு வரையறுத்துக் காட்டியது. ஆலையில் அதனை நடைமுறைப்படுத்தியபோது அலைவு குறைந்தது. 1967-இல் இந்த வேலையின் விளக்கம் கட்டுரையாக வெளிவந்தது. அதன் கோட்பாட்டை விரித்து, 1970-இல் அவர் ஒரு நூலும் எழுதினார்.

இதற்கிடையே 1965-இல் சுவீடனின் தெற்கிலுள்ள லுண்ட் நகரின் தொழில்நுட்பக் கழகத்தில் தன்னியக்கக் கட்டுப்பாட்டுத் துறையின் பேராசிரியராக அவர் அமர்ந்தார். கழகம் 1961-இல் நிறுவப்பட்டது. துறை அவரோடு பிறந்தது.  ஆலையில் கண்ட ஓர் உண்மையை அவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். கோட்பாடு கற்றவன் கருவியையும் தொட வேண்டும்; கருவியைத் தொட்டவன் கோட்பாட்டுக்கு மீள வேண்டும். அவரிடம் பயின்ற மாணவர்கள் சிலர் உலகப் புகழ் பெற்றனர். பியோர்ன் விட்டன்மார்க், லென்னார்ட் யூங், தோர்ஸ்டன் சோடர்ஸ்ட்ரோம், தோரே ஹெக்லுண்ட் ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.

லுண்டில் அவரை ஈர்த்த வினா இன்னும் பெரியது. ஓர் இயந்திரத்தின் இயல்பை அறிவதற்கு ஒரு நிபுணர் வந்து, சோதனை செய்து, கணக்கிட்டு, பிறகு கட்டுப்படுத்தும் கருவியை அமைக்க வேண்டியிருந்தது. ஓர் ஆலையில் இத்தகைய இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதுவுமன்றி, இன்று அறிந்த இயல்பு ஓராண்டில் மாறிவிடும். ஆகவே கட்டுப்படுத்தும் கருவியே தன் வேலையினூடே இயல்பை அறிந்து, தன்னைத் தானே திருத்திக்கொண்டால் என்ன? பாடகர் பாடிக்கொண்டே தம்பூராவின் சுருதியைச் சரி செய்வது போல, தானே சுருதி கூட்டிக்கொள்ளும் கருவி ஒன்று அமையுமா?

இந்த எண்ணம் புதியதன்று. 1958-இல் கால்மன் என்னும் அறிஞர் அத்தகைய ஒன்றை வடிவமைத்திருந்தார். வேகமாகப் பறக்கும் விமானங்களுக்கும் இந்த முறை வேண்டியிருந்தது. ஏனெனில் காற்று அடர்ந்த தாழ்ந்த வானிலும், காற்றே இல்லாத உயர்ந்த வானிலும் ஒரே விமானம் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். அமெரிக்காவின் எக்ஸ்-15 என்னும் ராக்கெட் விமானங்களுள் ஒன்றில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டது. 1967-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், மைக்கேல் ஆடம்ஸ் என்னும் விமானி அதில் ஏறி 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அடைந்தார். திரும்பும் வழியில் விமானம் திசை பிறழ்ந்து சுழன்றது. அவர் அதனைச் சுழற்சியிலிருந்து மீட்டார். ஆனால் கட்டுப்பாட்டுக் கருவி ஊசலாட்டத்தில் சிக்கிக்கொண்டு, தன் செயலின் வேகத்தைக் குறைக்கத் தவறியது. விமானம் வானிலேயே சிதறியது. ஆடம்ஸ் உயிர் துறந்தார். விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், தானே கற்கும் கருவியை நம்புவதற்கு முன் அதன் நடத்தையை முழுதும் ஆராய வேண்டும் என்பது அனைவருக்கும் புலனாயிற்று.

இந்தச் சூழலில்தான் 1973-இல் ஓஸ்ட்ரோமும் விட்டன்மார்க்கும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட முறை மிக எளியது. ஒவ்வொரு நொடியும் காஸின் பழைய மீச்சிறு வர்க்க முறையால் எண்களைப் புதுப்பிக்க வேண்டும். அந்த எண்களே உண்மை என்று கொண்டு அப்போதே கட்டுப்படுத்த வேண்டும். ஆனால், நினைவுடைய இடையூறு இருக்கும் இடத்தில் அந்த முறை தவறான எண்களைத் தரும் என்று முன்னர்க் கண்டோம் அல்லவா? ஆம், அறிஞர்களும் அதனையே எதிர்பார்த்தனர். நடந்ததோ வியப்பு. எண்கள் ஒரு நிலையில் வந்து நின்றுவிடுமானால், மாதிரி பிழையுடையதாக இருந்தாலும், அதிலிருந்து பிறக்கும் கட்டுப்பாடு, அலைவை மிகக் குறைவாக்கும் அந்தச் சரியான கட்டுப்பாடாகவே அமையும் என்று அவர்கள் நிறுவினர்.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டிக்காரன் மாட்டைப் பற்றிக் கொண்டுள்ள கருத்து மருத்துவ நூலின்படி பிழையாக இருக்கலாம். ஆயினும் அவன் தும்பைப் பிடிக்கும் முறை சரியாக இருக்கக்கூடும். ஏனெனில் அந்தக் கருத்து வண்டி ஓட்டும் வேலையிலேயே உருவானது. ஒரு வேலைக்காகப் பெறும் அறிவை அந்த வேலையைக் கொண்டே அளக்க வேண்டும் என்னும் உண்மை இங்குக் கணிதத்தால் மெய்ப்பிக்கப்பட்டது.

தாளில் கண்டதைக் களத்தில் சோதிக்காமல் லுண்டில் யாரும் ஓயவில்லை. சுவீடனின் வட கோடியில், துருவ வட்டத்திற்கும் அப்பால், கிரூனா என்னும் இரும்புச் சுரங்கம் உள்ளது. அங்கே தாதுக் கல்லை நொறுக்கும் பெரிய இயந்திரம் ஒன்று இருந்தது. கல் சில வேளை கடினமாகவும் சில வேளை மென்மையாகவும் வரும். மோட்டார் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டாமல், அதேவேளை எல்லையின் அருகிலேயே ஓட்டினால்தான் விளைச்சல் மிகும். ஆராய்ச்சியாளர்கள் தம் கணிப்பொறியை அங்கே எடுத்துச் செல்லவில்லை. கணிப்பொறி தெற்கே லுண்டில் இருந்தது. இயந்திரம் ஏறத்தாழ 1800 கிலோமீட்டருக்கு அப்பால் வடக்கே இருந்தது. இரண்டையும் தொலைபேசிக் கம்பி இணைத்தது. 1976-இல் வெளியான அந்த ஆய்வு, தானே சுருதி கூட்டும் கருவி மெய்யான வேலைக்கு உதவும் என்று காட்டியது.

கடலிலும் அது சோதிக்கப்பட்டது. பெரிய எண்ணெய்க் கப்பல் சரக்கு நிறைந்தபோது ஒருவிதமாகவும், வெறுமையாகத் திரும்பும்போது வேறுவிதமாகவும் சுக்கானுக்குக் கீழ்ப்படியும். அலையும் காற்றும் வேறு மாறிக்கொண்டேயிருக்கும். சரியாகத் திருத்தப்படாத தானியங்கிச் சுக்கான் கப்பலைப் பாம்பு போல் வளைந்து செல்லச் செய்யும். வளைவு மிகுந்தால் எரிபொருள் வீணாகும். ஓஸ்ட்ரோமும் அவர் துணைவரும் மாறும் நிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சுக்கான் கருவியை எண்ணெய்க் கப்பல்களில் வைத்துப் பார்த்து, 1979-இல் அதன் முடிவை வெளியிட்டனர்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. எண்கள் ஒரு நிலையில் நின்றுவிட்டால் எல்லாம் நலம். நிற்கும் என்பதற்கு உறுதி என்ன? இதற்கு வழி வகுத்தவர் மாணவர் லென்னார்ட் யூங். கற்கும் கருவியின் எண்கள் நெடுங்காலத்தில் செல்லும் பாதையை ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டின் பாதையாகக் கொண்டு ஆராயலாம் என்று அவர் 1977-இல் காட்டினார். 1974-இல் லுண்டில் ஆய்வுப் பட்டம் பெற்ற யூங், 1976 முதல் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, இனங்காணல் துறையையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். 1987-இல் அவர் எழுதிய பெருநூல் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. அவர் ஆக்கிய கணிப்பொறி நிரல் தொகுதி, உலகெங்கும் மாணவரும் பொறியாளரும் கையாளும் கருவியாயிற்று. ஆசிரியர் தொடங்கிய வழியில் மாணவர் அவரையும் கடந்து செல்வது ஆசிரியருக்குப் பெருமையேயன்றிக் குறையாகாது.

புகழ் வளர்ந்த காலத்தில் கண்டனமும் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ரோர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் சில எடுத்துக்காட்டுகளை முன்வைத்தனர். கணக்கில் சேர்க்காத மிகச் சிறிய வேக இயல்பு ஒன்று உண்மையான அமைப்பில் ஒளிந்திருந்தால், தானே கற்கும் கருவி மெல்ல மெல்லத் தடம் புரண்டு நிலைகுலையக்கூடும் என்று அவர்கள் காட்டினர். தம் வாழ்நாள் உழைப்பின் மீது விழுந்த அந்த ஐயத்தை ஓஸ்ட்ரோம் புறக்கணிக்கவில்லை. 1983-இல் அதே எடுத்துக்காட்டுகளை அவர் எடுத்து ஆராய்ந்து, எங்கே எவ்வாறு தவறு விளைகிறது என்று விளக்கினார். கேட்கும் குறிகள் போதிய வேறுபாடு உடையனவாக இல்லாதபோது கருவி கற்பதற்கு ஒன்றுமில்லை. கற்பதற்கு ஒன்றுமில்லாதபோதும் கற்க முயன்றால் இரைச்சலையே பாடமாகக் கொள்ளும். ஆகவே எப்போது கற்க வேண்டும் என்பதுடன், எப்போது கற்பதை நிறுத்த வேண்டும் என்பதும் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தெளிவு அவரை மிக எளிய ஒன்றுக்குக் கொண்டுவந்தது. உலகிலுள்ள ஆலைகளில் பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகள் பி.ஐ.டி. என்னும் சிறிய வகையைச் சேர்ந்தவை. இப்போதுள்ள பிழை, இதுவரை சேர்ந்த பிழை, இனி வரப்போகும் பிழையின் போக்கு ஆகிய மூன்றையும் எடைபோட்டு அவை வேலை செய்கின்றன. அந்த மூன்று எடைகளையும் சரியாக வைப்பதே தொழிலாளருக்குத் தலைவலி. 1942-இல் சீக்லர், நிக்கல்ஸ் என்னும் இருவர் தந்த பழைய முறைப்படி, கருவியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் அமைப்பை நிலைகுலைவின் விளிம்பில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கொதிகலன் முன் நிற்பவர் எவரும் அதற்கு எளிதில் துணியார்.

1984-இல் ஓஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் வேறு வழி கூறினர். சிறிது நேரம் அந்தக் கருவியை விலக்கிவிட்டு, அளவு கூடினால் குறை, குறைந்தால் கூட்டு என்று இரண்டே நிலை அறிந்த ரிலே ஒன்றை அதன் இடத்தில் வைக்க வேண்டும். அமைப்பு தானாகவே ஒரு சிறிய, அடங்கிய ஊசலாட்டத்தில் ஆடத் தொடங்கும். ஊசலின் காலம் எவ்வளவு, வீச்சு எவ்வளவு என்று அளந்தால் போதும்; வேண்டிய எடைகளைக் கணக்கிட்டு வைத்துவிடலாம். வீச்சு எவ்வளவு பெரிதாகலாம் என்பது ரிலேயின் அளவைக் கொண்டு நம் கையில் இருப்பதால் அச்சமில்லை. தொழிலாளர் ஒரு பொத்தானை அழுத்தினால், கருவி சில ஊசல்களில் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். சுவீடன் நிறுவனம் ஒன்று இதனைக் கருவியாக்கி விற்றது. பின்னர்ப் பல நாட்டு ஆலைகளுக்கும் இந்த முறை பரவியது. மிகக் கடினமான கணிதத்தில் திளைத்த ஒருவர், மிகப் பலருக்குப் பயன்பட்ட இந்த எளிய வழியைத் தந்தார் என்பது எண்ணத்தக்கது.

1993-இல் உலக மின்னியல் பொறியாளர் சங்கமாகிய ஐ.ஈ.ஈ.ஈ. தன் மிக உயர்ந்த விருதாகிய மாண்புப் பதக்கத்தை ஓஸ்ட்ரோமுக்கு வழங்கியது. தகவமைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டின் கோட்பாட்டிற்கும் பயனுக்கும் ஆற்றிய அடிப்படைப் பணிக்காக அது வழங்கப்பட்டது. முதுமையிலும் அவர் எழுதுகோலை வைத்துவிடவில்லை. ரிச்சர்ட் முரே என்னும் அமெரிக்கப் பேராசிரியருடன் சேர்ந்து 2008-இல் பின்னூட்ட அமைப்புகளைப் பற்றி ஒரு பாடநூல் வெளியிட்டார். விலையின்றி எந்நாட்டு மாணவரும் படிக்குமாறு அது இணையத்திலும் வைக்கப்பட்டது.

தம் துறையை அவர் மறைந்திருக்கும் நுட்பம் என்று அழைப்பதுண்டு. ஏனெனில் அது நன்றாக வேலை செய்யும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. கப்பல் நேராகச் செல்கிறது; காகிதம் ஒரே சீராக வருகிறது; மருத்துவமனையில் மருந்து அளவாக இறங்குகிறது. பிழைத்தால்தான் அது இருப்பதே தெரிகிறது.

மாணவர்களே, ஓஸ்ட்ரோமின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று என்று தோன்றுகிறது. சமன்பாடு தரப்படவில்லையே என்று கைகட்டி நிற்காமல், பொருளிடமே சென்று கேட்பது ஒன்று. கேட்டறிந்த பின், எஞ்சிய பிழையை மறைக்காமல் ஆராய்வது மற்றொன்று. கற்றதன் எல்லையைப் பிறர் சுட்டும்போது சினவாமல் அதனையே அடுத்த பாடமாக்குவது இன்னொன்று. இன்று, தானே கற்கும் கணிப்பொறிகளிடம் மனிதர் பல வேலைகளை ஒப்படைத்து வருகின்றனர். அவை எதைக் கற்றன, எப்போது கற்பதை நிறுத்தும், எந்த எல்லைக்குள் நம்பத் தக்கவை என்ற வினாக்கள் காகித ஆலையில் எழுந்த அதே வினாக்கள்தாம். அவற்றைக் கேட்பதற்கும் விடை காண்பதற்கும் உரியவர்கள் இன்று படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே ஆவர்.